பலியும் படையலும்: லேவியராகமத்தின் தமிழ்ச் சொற்களும் சேர்வராயன் மலைச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

பண்டை இசுரயேலரின் குருத்துவ வழிபாட்டில் ஐவகைப் படைப்புகள் இருந்தன. லேவியராகமத்தின் முதல் 7 அதிகாரங்கள் அவற்றை விரித்துரைக்கின்றன. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் இவை பெரும்பாலானவற்றைப் 'பலி' என்னும் ஒரே சொல்லின் கீழ்க் கொண்டுவந்தன. பழந்தமிழில் உணவுப் படைப்பையும் பிச்சையையும் குறித்த அச்சொல், இக்காலத்தில் உயிரிழப்பு என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. சொல்லின் சுருக்கம் நூலின் வாசிப்பையும் சுருக்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலும் கிறித்தவ ஆலயங்களும் ஒரே மலையில் நிற்கும் சூழலை முன்வைத்து, இச்சொற்கள் இன்றைய தமிழ்க் கிறித்தவ வழிபாட்டில் எத்தகைய விளைவுகளை உண்டாக்குகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: லேவியராகமம், பலி, படையல், காணிக்கை, விவிலிய மொழிபெயர்ப்பு, சேர்வராயன் கோயில், திருப்பலி, அசனம்.

1. முன்னுரை

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காட்டுக்கு அருகே 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் சேர்வராயன் கோயில் அமைந்துள்ளது. தாழ்ந்த குகை ஒன்றே அதன் கருவறை. அங்குச் சேர்வராயனும் காவேரியம்மனும் வணங்கப்பெறுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் விழாவுக்குச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலிருந்து மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் திரள்கின்றனர். பெயர் மலையாளி எனினும் இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் என்பது இவர்களிடையே வழங்கும் வாய்மொழி மரபு.

இதே மலையில் 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது ஐரோப்பியர் குடியேறினர்; அவர்களோடு கிறித்தவ ஆலயங்களும் எழுந்தன. சேலத்தில் இலண்டன் மிஷன் 1827இல் பணியைத் தொடங்கியது. சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1930இல் உருவானது. இன்று ஏற்காட்டில் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் தத்தம் ஆலயங்களில் வழிபடுகின்றனர்.

இச்சூழலில் ஒரு கேள்வி இயல்பாகவே எழுகிறது. மலையுச்சிக் கோயிலில் நிகழ்வது படையல். ஆலயத்தில் வாசிக்கப்படும் திருநூலிலும் மாவும் எண்ணெயும் ஆடும் புறாவும் படைக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் கேட்டும் கண்டும் வளரும் தமிழ்க் கிறித்தவர், தம் திருநூலின் படைப்புகளை எச்சொற்களால் புரிந்துகொள்கிறார்? அச்சொற்கள் அவருக்கு எதைத் திறந்துவிடுகின்றன, எதை மூடிவிடுகின்றன? இக்கேள்விகளுக்கு விடைகாண, முதலில் 'பலி' என்னும் சொல்லின் வரலாற்றைக் காண்பது இன்றியமையாதது.

2. 'பலி': விரிந்த பொருளும் சுருங்கிய பொருளும்

பலி என்பது வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொல். வடமொழியில் அது திறைப்பொருளையும், தீயில் இடாமல் தேவர்க்கும் பூதங்கட்கும் பிற உயிர்கட்கும் இடும் உணவையும் குறித்தது. தமிழில் அச்சொல் புகுந்தபோதும் இவ்விரிவு குன்றவில்லை. திருமுருகாற்றுப்படை காட்டும் மலைவழிபாட்டில் ஆட்டுக்குருதி கலந்த வெள்ளரிசியே பலியாகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் காவற்பூதத்தின் பலிபீடிகை முன் மகளிர் பொங்கலும் பூவும் புகையும் இடுகின்றனர்; அவ்விடத்திலேயே மறவர் தம் தலையையும் தருகின்றனர். பின்னதைச் சுட்டுமிடத்து இளங்கோவடிகள் 'உயிர்ப்பலி' என அடைகொடுத்தே கூறுகிறார். பலி என்ற அளவிலேயே கொலை புலப்பட்டிருக்குமாயின் 'உயிர்' என்னும் அடை வேண்டப்பட்டிராது.

தேவாரத்தில் இச்சொல் இன்னும் மென்மையான பொருள் பெறுகிறது. மனைதோறும் ஓடேந்திச் செல்லும் சிவபெருமான் பலி தேர்பவராகவும் பலி ஏற்பவராகவும் பாடப்படுகிறார். அங்குப் பலி என்பது இல்லத்துப் பெண்டிர் இடும் பிச்சை. சிவாலயங்களில் கொடிமரத்தருகே நிற்கும் பலிபீடமும் அன்னம் இடப்படும் இடமே. ஆகவே பழந்தமிழ் வழக்கில் பலி என்பது இடப்படுவது, கொடுக்கப்படுவது, ஊட்டப்படுவது என்னும் பொருள்களை முதன்மையாகக் கொண்டிருந்தது. உயிர்க்கொலை அதன் ஒரு வகை மட்டுமே.

இக்கால வழக்கு இதற்கு நேர்மாறானது. விபத்துச் செய்திகளின் தலைப்பில் 'மூவர் பலி' என்பது நாளிதழ்த் தமிழின் அன்றாட வழக்கு. கொடுப்பவரோ பெறுபவரோ இல்லாத வெறும் சாவையும் அச்சொல் இன்று குறிக்கிறது. 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2003இல் நடைமுறைப்படுத்த முனைந்து, 2004இல் அச்சட்டத்தையே நீக்கியது. அக்காலத்துப் பொதுவிவாதத்திலும் பலி என்பது ஆடு, கோழி அறுத்தல் என்ற பொருளிலேயே நின்றது. சட்டத்தை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இப்பொருளில் வேறுபடவில்லை.

இச்சொல்வரலாறு விவிலிய வாசிப்பை நேரடியாகத் தொடுகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, பெஞ்சமின் சூல்ட்சே, பெப்ரீஷியஸ் ஆகியோரின் கைகளில் வளர்ந்தது. 1871இல் போவர் தலைமையிலான குழுவினரின் ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெரிதும் வாசிக்கப்படுவது அம்மரபைச் சார்ந்த நூலே. அதில் 'போஜனபலி' என்னும் தொடர் அமைந்துள்ளது. பலி உணவையும் குறித்த மரபில் இது பொருத்தமான ஆக்கம். 'பலி' என்றாலே சாவு என்று கொள்ளும் இன்றைய வாசகருக்கோ அது உயிரற்ற மாவைப் பலியாக்கும் முரண்தொடராக ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பிழை செய்யவில்லை. அவர் கையாண்ட சொல்லை மொழி வேறிடத்துக்கு நகர்த்திவிட்டது.

3. ஐவகைப் படைப்புகளும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும்

லேவியராகமம் எல்லாப் படைப்புக்கும் பொதுப்பெயராகக் 'கொர்பான்' என்னும் எபிரேயச் சொல்லை ஆள்கிறது. 'அருகில் வருதல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது அது. அருகே கொண்டுவரப்படுவதே கொர்பான். இஸ்லாமியர் வழங்கும் குர்பானி, சிரியன் கிறித்தவர் வழங்கும் குர்பானா ஆகியவை இச்சொல்லின் உறவுச் சொற்கள். தமிழில் இதற்கு நெருங்கிய சொல் 'காணிக்கை'. பெரியோரைக் காணச் செல்வோர் கையோடு கொண்டுசெல்வது அது. எபிரேயம் நெருங்குதலைச் சுட்ட, தமிழ் காணுதலைச் சுட்டுகிறது. இரண்டிலும் கொல்லுதல் என்னும் பொருள் இல்லை.

ஐவகையுள் முதலாவது 'ஓலா'. மேலே ஏறுவது என்பது அதன் பொருள். ஐக்கிய மொழிபெயர்ப்பு இதனைச் 'சர்வாங்க தகனபலி' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'எரிபலி' என்கிறது. முன்னது முழுமையையும் பின்னது நெருப்பையும் முன்னிறுத்துகின்றன. புகையாய் மேலேறுதல் என்னும் மூலக்காட்சி இரண்டிலும் புலப்படவில்லை. காளை, ஆடு, புறா என வசதிக்கேற்பப் படைப்பு இறங்கிவருவது இவ்வதிகாரத்தின் குறிப்பிடத்தக்க அமைப்பு.

இரண்டாவது 'மின்ஹா'. கொடை, திறை என்பன அதன் பொருள்கள். யாக்கோபு தன் அண்ணன் ஏசாவுக்கு அனுப்பிய பரிசும் மின்ஹாவே. காயீனின் விளைச்சலும் ஆபேலின் ஆட்டுக்குட்டியும் ஒருங்கே மின்ஹா எனப்படுகின்றன. வடமொழிப் பலியும் எபிரேய மின்ஹாவும் திறை, உணவுப்படைப்பு என்னும் இரு பொருளிலும் ஒத்துச் செல்வது கருதத்தக்கது. லேவியராகமத்தின் மின்ஹா மெல்லிய மாவும் எண்ணெயும் சாம்பிராணியும் சேர்ந்தது. குரு அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பீடத்தில் எரிப்பார். எஞ்சியது குருக்களின் உணவாகும். உப்பு கட்டாயம், புளிப்பும் தேனும் பீடத்தின் நெருப்புக்கு விலக்கு. திருவிவிலியம் இதனை 'உணவுப் படையல்' என்று பெயர்த்தது. ஐந்தனுள் 'பலி' என்னும் சொல்லிலிருந்து விடுவிக்கப்பட்டது இது ஒன்றே.

மூன்றாவது 'ஷெலாமீம்'. நிறைவு, நல்லுறவு என்னும் பொருள்தரும் ஷாலோம் என்னும் சொல்லோடு தொடர்புடையது. 'சமாதானபலி' என ஐக்கிய மொழிபெயர்ப்பும், 'நல்லுறவுப் பலி' எனத் திருவிவிலியமும் வழங்குகின்றன. இதன் தனித்தன்மை பகிர்வில் உள்ளது. கொழுப்பு கடவுளுக்கு, மார்புக்கண்டமும் வலத்தொடையும் குருவுக்கு, எஞ்சிய இறைச்சி முழுவதும் படைத்தவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும். நன்றிக்காகப் படைக்கப்பட்டதாயின் அன்றே உண்டு முடிக்கவேண்டும்; நேர்ச்சைக்குரியதாயின் இரண்டாம் நாள் வரை உண்ணலாம். ஒரு முழு விலங்கின் இறைச்சியை ஒரே நாளில் ஒரு குடும்பம் தனித்து உண்டு தீர்த்தல் அரிது. எனவே காலவரையறையே அயலாரை அழைக்கும் கட்டாயமாக அமைந்துவிடுகிறது.

நான்காவது 'ஹட்டாத்'. 'பாவநிவாரண பலி' எனவும் 'பாவம் போக்கும் பலி' எனவும் தமிழில் வழங்குவது. இதனைத் தூய்மையாக்கும் படைப்பு என்று கொள்வதே பொருத்தம் என லேவியராகமத்துக்கு விரிவுரை எழுதிய ஜேக்கப் மில்கிராம் வலியுறுத்தினார். அதற்கு வலுவான சான்று 12ஆம் அதிகாரம். குழந்தை பெற்ற தாய் தன் தூய்மைக்காலம் நிறைந்ததும் ஹட்டாத் கொண்டுவரவேண்டும். மகப்பேறு பாவமன்று, ஆயினும் 'பாவநிவாரண பலி' என்னும் பெயர் அத்தாயைப் பாவியாக வாசிக்கச் செய்கிறது. தமிழில் இந்நிலைக்கு வழங்கும் சொல் தீட்டு. அதனை நீக்குவது தீட்டுக்கழித்தல். அச்சொல் எபிரேயப் பொருளுக்கு அணுக்கமானதே. ஆனால் தமிழ்ச் சமூகத்தில் தீட்டு சாதியொதுக்கலின் கருவியாகவும் இருந்துவந்ததால், அதனை எளிதில் எடுத்தாள இயலாது. அணுக்கமான சொல்லும் அதன் சமூகச் சுமையால் பயன்படாமற் போகும் இடம் இது. லூக்கா நற்செய்தியில் மரியாள் இவ்விதிப்படி கொண்டுவந்தவை ஆட்டுக்குட்டிக்கு வழியற்றோருக்கு அனுமதிக்கப்பட்ட புறாக்களே என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஐந்தாவது 'ஆஷாம்'. 'குற்றநிவாரண பலி', 'குற்றப்பழி நீக்கும் பலி' என்பன தமிழ்ப் பெயர்கள். அயலானை ஏமாற்றிப் பறித்தவன் அப்பொருளைத் திருப்பிக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். அதனோடு சேர்ந்ததே பீடத்தின் ஆடு. கடவுளோடு தீர்க்கும் கணக்கும் அயலானோடு தீர்க்கும் கணக்கும் பிரிக்கப்படவில்லை.

ஐந்தையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை தெளிவாகிறது. இவற்றுள் மின்ஹாவில் குருதி இல்லை. ஹட்டாத்திலும் இரண்டு புறாவுக்கும் வழியற்றவன் எப்பாவின் பத்திலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய 2 லிட்டர் மாவைக் கொண்டுவந்தால் போதும். அவனுக்கும் மன்னிப்பு உண்டு என 5ஆம் அதிகாரம் கூறுகிறது. குருதி சிந்தாமல் மன்னிப்பில்லை என்று கூறும் எபிரேயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரமும், அதே வசனத்தில் எல்லாம் குருதியால் தூய்மையாகும் எனக் கூறுமிடத்துக் 'கொஞ்சங்குறைய' என்னும் வரையறையை இடுகிறது. அந்தக் குறைவு ஏழையின் மாவுக்கு இடம் தருகிறது. மேடையுரைகளில் முன்பகுதி முழங்க, இவ்வரையறை பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

4. மேடும் மலையும்: ஒப்பீட்டின் பயனும் எல்லையும்

இசுரயேலரும் மலைகளில் வழிபட்டனர். அவ்விடங்களை ஐக்கிய மொழிபெயர்ப்பு 'மேடைகள்' என்றும் திருவிவிலியம் 'தொழுகைமேடுகள்' என்றும் சுட்டுகின்றன. அரசர்களின் வரலாற்று நூல்கள் இவற்றைக் கடுமையாகக் கண்டிக்கின்றன. யோசியா மன்னன் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை இடித்தான். ஏற்காட்டுக் கிறித்தவர் ஒருவர் இப்பகுதிகளைக் கேட்கும்போது, தம் ஊரின் மலையுச்சிக் கோயிலை நினைத்துக்கொள்வது இயல்பு.

ஆனால் மேட்டின் வரலாறு கண்டனத்தோடு தொடங்கவில்லை. 1 சாமுவேல் 9ஆம் அதிகாரம் காட்டும் நிகழ்வு இதற்குச் சான்று. காணாமற்போன கழுதைகளைத் தேடிவரும் சவுல், ஓர் ஊரின் மேட்டில் நிகழும் விழாவை அடைகிறான். சாமுவேல் வந்து ஆசி கூறும்வரை ஊரார் உண்ணாமல் காத்திருக்கின்றனர். ஏறத்தாழ 30 பேர் அழைக்கப்பட்டுள்ளனர். சமையற்காரர் எடுத்துவைத்திருந்த தொடைக்கறி அயலூரானாகிய சவுலுக்குப் பரிமாறப்படுகிறது. மலை, விழா, காத்திருப்பு, பொது உணவு, விருந்தினனுக்கு முதற்பங்கு என அமைந்த இக்காட்சி, தமிழ் ஊர்க்கோயில் விழாக்களை அறிந்தோருக்கு விளக்கம் வேண்டாதது. ஓரிடத்து வழிபாடே முறையானது என்னும் விதி பின்னர் வலுப்பெற்றது. எதிர்ப்பு எழுந்தது வழிபடப்படுபவர் யார், எங்கு என்பவை பற்றியே. படைத்து உண்ணும் வடிவத்தை அந்நூல்கள் இழிவாகக் கருதவில்லை.

தமிழ்நாட்டு ஊர்வழிபாட்டை இக்கண்கொண்டு நோக்கிய கிறித்தவர் முன்பே உளர். சென்னை ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், தென்னிந்திய ஊர்த்தெய்வங்களைப் பற்றிய நூலை 1916இல் வெளியிட்டார். ஊர்ப்பலிகளைக் கொலைச் சடங்காக மட்டும் அவர் பார்க்கவில்லை. தெய்வத்தோடும் தம்முள்ளும் உறவுகொள்ளும் முயற்சியையும் அவற்றில் கண்டார். பலியின் வேர் பொது உணவே என்று 1889இல் வாதிட்ட ராபர்ட்சன் ஸ்மித்தின் கருத்து அக்காலத்தில் பெரிதும் பரவியிருந்தது. 1899இல் ஹூபெர், மோஸ் ஆகிய பிரெஞ்சு அறிஞர் இருவர் வேத வேள்வியையும் எபிரேயப் பலியையும் இணைத்து ஆராய்ந்தனர். எனினும் அவர்கள் எடுத்துக்கொண்ட இந்தியச் சான்று வடமொழி வேள்விநூல்களே. தமிழ் ஊர்களின் படையல் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. மேலையர் இருவகை நோக்கிலும் ஒரு குறை உண்டு. ஸ்மித்தின் வழிவந்தோர் எல்லாச் சடங்கையும் ஒரே தொன்மூலத்துக்கு இட்டுச்சென்றனர். வேறுபாடுகள் அவர்களுக்குப் பொருட்டாகவில்லை.

அவ்வேறுபாடுகள் பொருட்படுத்தத்தக்கவை. திருமுருகாற்றுப்படையின் மலைவழிபாட்டில் குருதி அரிசியோடு கலக்கிறது. லேவியராகமத்தின் 17ஆம் அதிகாரமோ குருதியை உயிருக்குரியதாகக் கருதி எவ்வகையிலும் உணவாக்க விடுவதில்லை. தேனும் தினைமாவும் முருகனுக்கு உகந்த படையல் என்பது தமிழ் மரபு. லேவியராகமத்தின் பீடம் தேனை ஏற்பதில்லை. தமிழ்ப் படையல் பெரும்பாலும் தெய்வத்தின் முன் வைக்கப்பட்டுப் பின் முழுமையாக மக்களிடம் திரும்புகிறது. இசுரயேலின் படைப்பில் ஒரு பங்கு கட்டாயம் நெருப்புக்குச் செல்கிறது. ஆகவே சேர்வராயன் மலையின் படையலும் லேவியராகமத்தின் கொர்பானும் ஒன்றே என்று கூறுவது இரண்டையும் அறியாமை. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவதும் அத்தகையதே. தமிழ்ப் படையல் லேவியராகமத்துக்கு விளக்கவுரை ஆகாது. அந்நூலில் சொல்சுருக்கத்தால் மறைந்துபோன பகுதிகளை நோக்கி வாசகரைத் திருப்பும் சுட்டுகோலாகலாம்.

5. ஆசாரியரும் பூசாரியும்

சொல்லாட்சியின் செல்வாக்கு படைப்பவரைச் சுட்டும் பெயரிலும் காணப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் குருவைக் குறிக்கும் சொல் ஒன்றே. எபிரேயர் நிருபத்தில் அச்சொல் வருமிடங்களில் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'ஆசாரியர்' என்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்தில் லீஸ்திராவின் கோயிலில் எருதுகளும் மாலைகளும் கொண்டுவருபவரை அதே கிரேக்கச் சொல் சுட்டும்போது 'பூசாரி' என்கிறது. மூலத்தில் இல்லாத வேற்றுமை தமிழில் நுழைந்துள்ளது. ஆசாரியர் என்பது கற்றறிந்த குருமாரின் பெயர். பூசாரி என்பது ஊர்க்கோயிலிலும் மலைக்கோயிலிலும் பணிசெய்வோரின் பெயர். மொழிபெயர்ப்பு மெய்வழிபாட்டையும் பொய்வழிபாட்டையும் பிரிக்க முனைந்தது. அதற்குத் தமிழ்ச் சமூகத்தின் உயர்வுதாழ்வுப் படிநிலையை அளவுகோலாகக் கொண்டுவிட்டது. லேவியராகமத்தின் குருவோ விலங்கின் தோலைப் பங்காகப் பெறுபவர். குருதியையும் கொழுப்பையும் சாம்பலையும் கையால் தொட்டுப் பணிசெய்பவர். தொழிலளவில் அவர் தமிழர் அறிந்த ஆசாரியரை விடப் பூசாரிக்கே நெருக்கமானவர்.

6. இன்றைய கிறித்தவ வழிபாட்டில் படைப்பின் எச்சங்கள்

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் யூதரிடையே படைப்புகள் நின்றன. கிறித்தவம் கிறிஸ்துவின் சாவை இறுதிப் பலியாக ஏற்றது. ஐவகைப் படைப்பையும் கிறிஸ்துவின் ஐந்து நிலைகளாக விளக்கும் முன்னடையாள வாசிப்பு தமிழ்ப் பிரசங்க மரபில் வேரூன்றியது. எபிரேயர் நிருபம் அவ்வாசிப்புக்கு அடிப்படை தருகிறது என்பது மறுக்கத்தக்கதன்று. ஆனால் அதே நிருபம் தன் இறுதி அதிகாரத்தில் துதியையும், நன்மை செய்தலையும், பகிர்ந்து கொடுத்தலையும் கடவுளுக்கு உகந்த பலிகள் என்கிறது. குருதிப்பலி முடிந்தது என்று கூறிய நூலே, படைப்பு முடியவில்லை என்றும் கூறுகிறது. இவ்விரண்டாம் கூற்றைத் தமிழ்த் திருச்சபைகள் மேடையில் விளக்கியதை விட முற்றத்திலும் அடுக்களையிலும் மிகுதியாக வாழ்ந்துகாட்டியுள்ளன.

முதற்சான்று பிடியரிசிக் காணிக்கை. சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே சேர்த்து ஆலயத்துக்குக் கொடுக்கும் இவ்வழக்கம் பெண்களால் பேணப்படுவது. மின்ஹாவில் குரு எடுக்கும் கைப்பிடி மாவை இது நினைவூட்டுகிறது. அங்குக் கைப்பிடி நெருப்புக்குச் செல்கிறது. இங்குத் திருப்பணிக்கும் எளியோருக்கும் செல்கிறது. அங்குக் கைப்பிடி எடுப்பவர் குரு. இங்கு எடுப்பவர் இல்லத்துப் பெண். அடுக்களையில் நிகழும் இச்செயலுக்கு எந்த இறையியல் நூலும் குருத்துவப் பெயர் சூட்டவில்லை. செயலளவில் அது குருத்துவப் பணியே.

இரண்டாவது சான்று அறுப்பின் பண்டிகை. நெற்கதிர், வாழைத்தார், தேங்காய், கோழி எனத் தத்தம் விளைவின் முதற்பலனை மக்கள் ஆலயத்துக்குக் கொண்டுவருகின்றனர். அவை முற்றத்தில் ஏலம் விடப்படுகின்றன. மலையிலாயின் காப்பியும் மிளகும் முதற்பலனாகத்தக்கவை. ஏலம் காணிக்கையைப் பணமாக்குகிறது. அதே வேளையில் வறியவரின் ஒரு தேங்காய்க்குச் சபையார் போட்டியிட்டு விலையேற்றும்போது அது அவருக்கான மதிப்பாகவும் மாறுகிறது.

மூன்றாவது சான்று அசனம். தென்மாவட்டத் திருச்சபைகளிலும் திருத்தலங்களிலும் விழாவின் நிறைவாகப் பொதுச் சோறு ஆக்கிப் பரிமாறுவது இவ்வழக்கம். அரிசியும் ஆடும் பலரின் நேர்ச்சையாக வருகின்றன. பந்தியில் அனைவரும் உண்கின்றனர். ஷெலாமீமின் பகிர்வுமுறைக்கு இதைவிட நெருங்கிய நிகழ்வு தமிழ்க் கிறித்தவத்தில் இல்லை. சாதியால் பிரிந்த ஊரில் ஒரே பந்தியில் அமர்வது எளிதன்று. அந்தக் கடினத்திலேயே நல்லுறவுப் பலியின் பெயர் பொருள் பெறுகிறது. பந்தி பிரிந்தால் அது வெறும் விருந்தாக எஞ்சும்.

இங்குத் தமிழ்க் கிறித்தவரிடையே நிலவும் ஒரு பெயர்ப் பிளவு கவனத்துக்குரியது. ஒரே அருட்செயலைக் கத்தோலிக்கர் இன்று 'திருப்பலி' என்கின்றனர். முன்பு 'பூசை' என்றனர். சீர்திருத்தத் திருச்சபையினர் 'திருவிருந்து' என்றும் 'இராப்போஜனம்' என்றும் வழங்குகின்றனர். ஏற்காட்டின் இருவகை ஆலயங்களிலும் இப்பெயர்கள் தனித்தனியே ஒலிக்கின்றன. பலியா, விருந்தா என்பது ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தக் காலத்துப் பூசல். லேவியராகமத்தின் ஷெலாமீமில் இவ்வினாவுக்கே இடமில்லை. அது பலியாக இருப்பதாலேயே விருந்தாகிறது. ஆண்டவரின் இராவிருந்து நன்றிப்பலியின் உணவிலிருந்து வளர்ந்தது என ஜெர்மானிய அறிஞர் ஹார்ட்முட் கெசெ முன்வைத்த கருத்து விவாதத்துக்குரியதே. அதனை ஏற்காதோரும், இரு பெயர்களும் ஒரே படைப்பின் இரு பாதிகள் என்பதை உணரலாம்.

இவற்றின் எதிர்த்திசையில் செல்லும் போக்கும் உண்டு. காணிக்கையை விதையாகவும் ஆசியை அறுவடையாகவும் காட்டி, கொடுத்ததன் பன்மடங்கு திரும்பும் என வாக்களிக்கும் போதனை அண்மைப் பதிற்றாண்டுகளில் தமிழகத்தில் பரவியுள்ளது. அதற்கு லேவியராகமத்தின் சொற்களும் துணைக்கழைக்கப்படுகின்றன. ஆனால் அந்நூலின் படைப்பு முறையில் இதற்கு ஆதாரம் இல்லை. ஏழையின் படைப்பைக் குறைத்து ஏற்பதே அதன் ஒழுங்கு. கொடுக்க இயலாதவரைக் கடன்பட்டுக் கொடுக்கச் செய்வது அன்று. கொர்பான் என்று பெயரிட்டுப் பெற்றோருக்குரியதைத் தவிர்ப்போரை இயேசு கண்டித்ததை மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் காட்டுகிறது. காணிக்கை என்னும் தூய சொல்லும் கடமையிலிருந்து தப்பும் வழியாகலாம் என்பதற்கு அதுவே சான்று.

ஆஷாமின் விதி இன்னும் கூர்மையானது. பீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் கட்டளை இவ்விதியின் தொடர்ச்சி. ஆயினும் பாவமன்னிப்பைப் பேசும் பாடல்களும் உரைகளும் மிக்க தமிழ்க் கிறித்தவப் பக்தியில், பறித்த நிலத்தையோ கூலியையோ ஐந்திலொரு பங்கு கூட்டித் திருப்பித் தரும் வழிபாடு இல்லை. ஐவகையுள் இன்று முற்றிலும் எச்சமின்றி மறைந்தது இதுவே.

7. அயலாரின் படையல்

மலையில் விழா முடிந்தபின் அயல்வீட்டுப் பொங்கல் கிறித்தவர் வீட்டு வாயிலுக்கு வரும்போது செய்யவேண்டுவது என்ன என்பது நூலறிவுக்கு அப்பாற்பட்ட நடைமுறைக் கேள்வி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதனை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார். சிலைவழிபாட்டின் பந்தியில் பங்குகொள்வதை அவர் விலக்குகிறார். கடையில் விற்பதைக் கேள்வியின்றி உண்ணச் சொல்கிறார். அயலார் விருந்துக்கு அழைத்தால் முன்வைப்பதை உண்ணலாம் என்கிறார். மற்றவரின் மனச்சான்று இடறுமாயின் தவிர்க்கச் சொல்கிறார். இவ்விடத்தில் அவர் இசுரயேலரின் பலியுணவையே எடுத்துக்காட்டி, பலியை உண்போர் பீடத்தோடு உறவுகொள்கின்றனர் என்கிறார். படையல் உறவை உண்டாக்கும் என்பதை அவர் ஒத்துக்கொள்வதாலேயே அவரது எச்சரிக்கைக்கு வலிமை வருகிறது. எனவே ஒருவர் தம் நம்பிக்கையின் பொருட்டு அப்பொங்கலை ஏற்காதிருக்கலாம். அதனைப் பொருளற்றது என்று இகழ்வதற்குப் பவுலிடம் ஆதாரம் இல்லை.

8. முடிவுரை

லேவியராகமத்தின் படைப்புகளைத் தமிழில் வாசிப்போர், 'பலி' என்னும் சொல் கடந்துவந்த தூரத்தை அறியாது வாசிப்பாராயின், நூல் முழுவதும் குருதியாகவே காட்சியளிக்கும். ஏழையின் 2 லிட்டர் மாவு, ஒரே நாளில் பகிர்ந்து தீர்க்கவேண்டிய இறைச்சி, தாயின் புறாக்கள், ஏமாற்றப்பட்டவனுக்குத் திரும்பும் ஐந்திலொரு பங்கு ஆகியவை அக்காட்சியில் மறைந்துபோகின்றன. திருவிவிலியம் இரண்டாவது படைப்பைப் 'படையல்' என்று பெயரிட்டது அம்மறைவை ஓரளவு நீக்கியது. நல்லுறவுப் பலியையும் 'நல்லுறவுப் படையல்' என்று வழங்குவது அதன் பகிர்வுத்தன்மையை மேலும் தெளிவாக்கும். ஹட்டாத்துக்குத் 'தூய்மைப் படைப்பு' என்னும் பெயர் மகப்பேற்றைப் பாவத்திலிருந்து பிரித்துக்காட்டும். உயிர் ஒப்படைக்கப்படும் இடங்களில் 'பலி' என்னும் சொல் நிலைக்கலாம்.

சேர்வராயன் மலையில் கோயிலும் ஆலயங்களும் வெவ்வேறு நம்பிக்கைகளைத் தாங்கி நிற்கின்றன. அவ்வேறுபாட்டைச் சொல்லாராய்ச்சியால் கரைத்துவிட இயலாது. எனினும் கொடுப்பதும் நெருங்குவதும் கூடி உண்பதும் வழிபாடு என்பதை அம்மலையின் மக்கள் அனைவரும் அறிவர். அவ்வறிவோடு லேவியராகமத்தை வாசிக்கும் கிறித்தவர், அசனப் பந்தியில் யார் அருகே அமர்கிறோம், யாருக்குத் திருப்பித் தரவேண்டியிருக்கிறது என்னும் இரு கேள்விகளையும் தம் வழிபாட்டிலிருந்து விலக்கிவைக்க இயலாது.